1906 மார்க்கெட் தெருப் படம்: கலர் போட்ட 60 ஃப்ரேம் பிரதியைப் பரிந்துரைக்கலாமா?

தெருக்கோடி:
சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கம் 1906 ஏப்ரல் 18 அன்று வந்தது. அதற்குச் சில நாள் முன்பு மைல்ஸ் சகோதரர்கள் கேபிள் காரின் முகப்பில் கேமராவை வைத்து, மார்க்கெட் தெருவை ஃபெர்ரி கட்டடம் வரை எடுத்த படம்தான் ‘எ ட்ரிப் டவுன் மார்க்கெட் ஸ்ட்ரீட்’. புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு, கணினியில் கலர் போட்டு, நடுநடுவே புது ஃப்ரேம்களை (தனிப்படங்களை) உண்டாக்கி விநாடிக்கு 60 ஃப்ரேம் ஆக்கிய பிரதியையே காட்டலாம் என்பது என் கட்சி. பழைய பிரதிகள் பலவற்றில் ஆட்கள் குடுகுடுவென்று ஓடுகிறார்கள். 16 ஃப்ரேமில் எடுத்ததை 24இல் ஓட்டியதால் வந்த கோளாறு அது. நடை சீரானால்தான் அந்தத் தெருவில் இருப்பவர்கள் நம்மைப் போன்ற மனிதர்களாகத் தெரிகிறார்கள்.

ரீல்பெட்டி:
வேகத்தைச் சரிசெய்ய ஒரு ஃப்ரேமைக்கூடப் புதிதாக உண்டாக்க வேண்டாம். அந்தக் காலத்து கேமராவைக் கையால் சுற்றுவார்கள். ஒரு சுற்றுக்கு 8 ஃப்ரேம், விநாடிக்கு இரண்டு சுற்று என்பது வழக்கம். கை ஒரே சீராக ஓடாது, அதனால் சோதித்துப் பார்க்க வேண்டும். அவசரமில்லாமல் தெருவைக் கடக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் ஊன்றி அடுத்த கால் ஊன்றும் வரை எத்தனை ஃப்ரேம் என்று எண்ணுங்கள். சாதாரண நடையில் விநாடிக்குச் சுமார் இரண்டு எட்டு விழும். 8 ஃப்ரேம் வந்தால் எடுத்த வேகம் விநாடிக்கு 16 ஃப்ரேம், 9 வந்தால் 18. மூன்று நான்கு இடத்தில் எண்ணினால் போதும். குதிரையை வைத்து எண்ணாதீர்கள், அதன் நடை இடத்துக்கு இடம் மாறும்.

60 ஃப்ரேம் பிரதியில் விநாடிக்குக் குறைந்தது 44 ஃப்ரேம் கணினியின் ஊகம். வண்டிச் சக்கரத்தைப் பாருங்கள். இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே ஆரக்கால் பாதி இடைவெளிக்கு மேல் நகர்ந்துவிட்டால், மென்பொருள் பக்கத்து ஆரக்காலோடு சேர்த்துவிடும். சக்கரம் பின்னோக்கிச் சுற்றும், இல்லை கூழாகும். கேமராவுக்கு முன்னால் குறுக்கே ஓடுகிறவர்களின் கால்களும் ஒட்டிக்கொள்கின்றன.

தெருக்கோடி:
நீங்கள் வீட்டில் பார்ப்பதும் அசல் இல்லையே. 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில், 16 ஃப்ரேம் ஓடினால் ஒரு ஃப்ரேமுக்கு 3.75 முறை என்று கணக்கு வரும். மூன்று ஃப்ரேம் நான்கு முறையும் நான்காவது மூன்று முறையும் தங்கும், அதனால் படம் தட்டுத்தடுமாறும். ஒளியை மறைத்து மறைத்து விடும் மூன்று இதழ் ஷட்டர் உள்ள ப்ரொஜெக்டரில் ஒவ்வொரு ஃப்ரேமும் மூன்று முறை மின்னும், விநாடிக்கு 48, ஒரே சீராக. இன்னொன்று: படமே ஓரளவு ஏற்பாடு செய்ததுதான். அதே மோட்டார் கார்கள் வட்டமடித்துத் திரும்பத் திரும்பக் குறுக்கே வருகின்றன. பரபரப்பைக் கூட்ட எடுத்தவர்களே முயன்றிருக்கும்போது நாம் கொஞ்சம் மெருகேற்றினால் என்ன குற்றம்?

ரீல்பெட்டி:
மானிட்டரை 48 அல்லது 144 ஹெர்ட்ஸில் வையுங்கள். 16க்கு இரண்டும் மீதியின்றி வகுபடும். 60 மட்டும்தான் உண்டென்றால் 15 ஃப்ரேமில் ஓட்டுங்கள். ஒவ்வொன்றும் சரியாக நான்கு முறை வரும், நடை 6 சதவீதம்தான் மந்தமாகும்.

அதே கார்கள்தான் திரும்ப வருகின்றன என்று எப்படித் தெரிந்தது? ஒவ்வொரு காரையும் கூர்ந்து பின்தொடர்ந்துதான்! இந்தப் படத்துக்கு வெகுகாலம் 1905 என்றே தேதி போட்டிருந்தார்கள். டேவிட் கீன் என்ற ஆய்வாளர் கார்களின் பதிவெண், தெருவில் தேங்கிய மழைநீர், அன்றைய செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் ஒத்துப்பார்த்து 1906 என்று நிறுவினார். கூர்மையாக்கும் மென்பொருள் மங்கலான 3ஐத் துணிந்து 8 ஆக்கிவிடும். மெருகேற்றிய பிரதி மட்டும் மிஞ்சியிருந்தால் இந்த ஆய்வுக்கே வழியில்லை.

கலர் இன்னும் மோசம். அந்தக் காலத்து ஃபிலிம் சிவப்பை அநேகமாக உணராது, நீலத்தை வெளுக்கவைக்கும். சிவப்புப் பாவாடையும் கறுப்புப் பாவாடையும் ஒரே கறுப்பு, நீல வானம் வெள்ளை. இல்லாத தகவலை எங்கிருந்து எடுப்பது? மென்பொருள் ஊரையே பழுப்பாக்கிவிடுகிறது.

வெட்டொட்டு:
இந்தப் படத்தில் ஷாட்டுகள் (வெட்டில்லாமல் ஓடும் துண்டுகள்) நீளம், அதனால்தான் இடைஃப்ரேம் வித்தை இந்த அளவுக்காவது எடுபடுகிறது. வால்ட்டர் ரூட்மன் 1927இல் பெர்லின் நகரத்தைப் பற்றி எடுத்த படத்தில் போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் ரயில் நகரத்துக்குள் பாயும்போது தண்டவாளம், கம்பி, பாலம் என்று வெட்டு வெட்டாக வரும். வெட்டு விழும் இடத்தை மென்பொருள் தவறவிட்டால் பாலமும் கம்பியும் கரைந்து ஒன்றாகும், தாளமே போய்விடும். ஜிகா வெர்டோவ் 1929இல் எடுத்த ‘மேன் வித் எ மூவி கேமரா’ படத்தில் ஓடும் குதிரை உறைந்து நிற்கிறது. பிறகு எடிட்டர் ஸ்விலோவாவின் மேசையில் அசையாத ஃபிலிம் துண்டுகள் வருகின்றன, அவற்றிலிருந்து முகங்கள் உயிர்பெறுகின்றன. அசைவு தனித்தனி ஃப்ரேம்களால் ஆனது என்பதுதான் அந்தக் காட்சியே. அதை வழவழப்பாக்கினால் என்ன மிஞ்சும்?

மார்க்கெட் தெருவின் ஈர்ப்பு வேறு. இங்கே பார் என்று யாரும் சொல்வதில்லை. தூரத்தில் புள்ளியாகத் தெரியும் ஆள் வளர்ந்து வளர்ந்து, கேமராவை ஒரு நொடி பார்த்துவிட்டு, ஓரமாக நழுவிப் போகிறார். அந்த முகத்தைக் கணினி வரைந்ததென்றால் நாம் யாரைப் பார்த்தோம்?

தெருக்கோடி:
முகம் பற்றிய வாதம் வலுவானது, மறுக்கவில்லை. ஆனால் ஃபோனில் பார்ப்பவர்களிடம் ஹெர்ட்ஸை மாற்று என்று சொல்ல முடியாது. அவர்கள் கையில் தடுமாறாமல் ஓடும் பிரதி வேண்டும், இல்லாவிட்டால் முதல் நிமிடத்திலேயே மூடிவிடுவார்கள்.

ரீல்பெட்டி:
அதற்கும் ஊகம் தேவையில்லை. நல்ல ஸ்கேனை 15 ஃப்ரேமுக்கு வைத்து, ஒவ்வொன்றையும் நான்கு முறை அடுக்கி 60 ஃப்ரேம் கோப்பாக ஏற்றுங்கள். 1080 வரி உயரப் பிரதியானாலும் 1440க்குப் பெரிதாக்கி ஏற்றினால் யூடியூப் கூடுதல் பிட்ரேட் (விநாடிக்கான தரவு அளவு) தரும், ஃபிலிமின் துகள் அதிகம் கரையாமல் நிற்கும். பெரிதாக்கும்போது ‘ஷார்ப்பன்’ போடாதீர்கள்.