அர்த்தெமிதோரஸ் கிரேக்கனா, எகிப்தியனா?

மணல்மேடு:
பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அர்த்தெமிதோரஸ் மம்மியைப் பற்றி ஒரு கேள்வி. எகிப்தின் ஃபயூம் பகுதியில், ஹவாராவில் 1888இல் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி தோண்டியெடுத்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் இளைஞன் ஒருவனின் ஓவியம். இவனை எகிப்தியன் என்று எப்படி அழைக்கிறார்கள்? பெயர் கிரேக்கம். அவனுக்கு விடைகொடுத்து மார்பில் எழுதிய வாசகமும் கிரேக்கம். ஒளியும் நிழலும் காட்டி, நம்மை நேராகப் பார்க்கும்படி வரைந்த முறையும் கிரேக்கருடையதே.

நாணற்காடு:
கழுத்துக்கு மேலே மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். கீழே பாருங்கள். சிவப்புப் பூச்சின்மேல் பொன் வேலைப்பாடு. கட்டிலில் கிடக்கும் உடலருகே, இறந்தோரைப் பதப்படுத்தும் எகிப்தியத் தெய்வமான அனுபிஸ் நிற்கிறார். அதற்கும் கீழே மறுமையின் தெய்வமான ஒசிரிஸ் விழித்தெழுகிறார். ரோமானியருக்கு முன் தாலமிகள் என்ற கிரேக்க அரசமரபினர் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆண்ட நாட்டில் எத்தனையோ எகிப்தியக் குடும்பங்கள் பிள்ளைகளுக்குக் கிரேக்கப் பெயர் வைத்தன. ரோமானியர் கால ஃபயூம் மம்மிகளின் பற்களை ஒப்பிட்டவர்களும், இவர்கள் கிரேக்கரைவிடப் பழைய எகிப்தியருக்கே மிக நெருங்கியவர்கள் என்றுதான் கண்டார்கள்.

மணல்மேடு:
பற்களை ஏற்கிறேன். ஆனால் ஒருவன் தன்னை யாராக நினைத்தான் என்பதைப் பல் சொல்லாதே! ரோமானியர் விதித்த தலைவரியை நினைத்துப் பாருங்கள். ரோமக் குடிமக்களுக்கும் அலெக்சாந்திரியாவின் குடிமக்களுக்கும் விலக்கு. ஃபயூமின் தலைநகரில் தகுதி பெற்ற நகரவாசிக்கு 20 திராக்மா நாணயம், கிராமத்து எகிப்தியனுக்கு 40. கிரேக்கனாக இருப்பதில் பணமும் மரியாதையும் இருந்தன. அந்த முகம் வெறும் அலங்காரம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பழைய அத்தி:
இருவருக்கும் ஒன்று சொல்கிறேன், கோபத்தோடுதான் சொல்கிறேன். இத்தகைய ஓவியங்கள் ஏறத்தாழ ஆயிரம் கிடைத்திருக்கின்றன. உடலோடு ஒட்டியே இருப்பவை நூறுகூட இல்லை. மற்றவற்றைப் பிய்த்தெடுத்தார்கள். வியன்னா வணிகர் தியோடர் கிராஃப் 1880களில் நூற்றுக்கணக்கான பலகைகளை வாங்கி ஐரோப்பாவில் காட்டி விற்றார். துணியும் தெய்வங்களும் போய்விட்டன. தேன்மெழுகில் தீட்டிய முகம் மட்டும் ஓவியச் சட்டத்துக்குள் வந்தது. அப்படிப் பார்த்தால் யாருக்கும் கிரேக்கன்தான் தெரிவான். மணல்மேடு ஐயா, உங்கள் கேள்விக்கே அந்தக் கத்தி வழிவகுத்திருக்கிறது.

மணல்மேடு:
அந்தக் கொடுமையை நானும் மறுக்கவில்லை. ஆனால் கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் உள்ள ஹெர்மியோனே என்ற பெண்ணின் மம்மியை யாரும் பிய்க்கவில்லையே. அந்த இளம்பெண்ணின் ஓவியத்திலேயே 'ஹெர்மியோனே கிரம்மத்திகே' என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. இலக்கணம் கற்பித்தவள் என்கிறார்கள் சிலர், எழுத்தறிந்தவள் என்கிறார்கள் சிலர். எப்படிப் படித்தாலும், மகளைப் பற்றிச் சொல்ல அந்த வீட்டாருக்குத் தோன்றியது அவளுடைய கிரேக்கப் படிப்பு.

நாணற்காடு:
அந்த எழுத்தைப் படிக்கும்போது எனக்கும் நெஞ்சு நெகிழ்கிறது. ஆனால் அவள் உடலைச் சுற்றியிருக்கும் துணியையும் பாருங்கள். கட்டம் கட்டமாக, சாய்சதுரமாக, அடுக்கின்மேல் அடுக்கு. படித்த மகள் என்று எழுதிய அதே வீட்டார்தான் அவளை அப்படிச் சுற்றக் கொடுத்தார்கள். மறுமையில் அவள் எழுவதற்கு அவர்கள் நம்பியிருந்தது ஒசிரிஸை.