ஹைடாடிட் நோய்க்கு ஒரு தமிழ்ச்சொல்: வியாழனுக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், மதுரை

அன்புடையீர்,

ஆட்டுக்கிடை போடுகிறவர்களுக்கும் கறிக்கடைக்காரர்களுக்கும் கொடுப்பதற்காக நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. எல்லாம் முடிந்துவிட்டது, நோயின் பெயர் மட்டும் நிற்கிறது. ஹைடாடிட் சிஸ்ட்.

முதலில் 'நீர்க்கட்டி' என்றுதான் போட்டேன். வரைவைப் படித்த என் அத்தை, "கறிக்கடைக்காரங்களுக்கு எதுக்கும்மா சினைப்பை நீர்க்கட்டியைப் பத்திச் சொல்றே?" என்று கேட்டார். அவர் கேட்டது சரிதான். இன்றைக்கு நீர்க்கட்டி என்றால் எல்லாருக்கும் அதுதான் நினைவுக்கு வருகிறது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: நாயின் சிறுகுடலில் 3 முதல் 7 மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு நாடாப்புழு வாழ்கிறது. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறிப் புல்லிலும் தண்ணீரிலும் சேர்கின்றன. மேயும் ஆடு மாடுகளின் வயிற்றுக்குள் அவை போனால் ஈரலிலோ நுரையீரலிலோ நீர் நிறைந்த பையாக வளர்கின்றன. அந்த ஈரலை நாய் தின்றால் மறுபடியும் புழு. இந்தச் சுற்றில் மனிதனுக்கு வேலையே இல்லை. ஆனால் முட்டை ஒட்டிய கையாலும் கழுவாத கீரையாலும் நாமும் போய் மாட்டிக்கொள்கிறோம். ஒரு சொல் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருச்சி

அம்மா, வேரிலிருந்து போவோம். ஹைடாடிஸ் என்பது கிரேக்கம், நீர்த்துளி என்று பொருள். நீர் திரண்டு மெல்லிய தோலுக்குள் நிற்பதற்குத் தமிழில் இரண்டாயிரம் ஆண்டாகச் சொல் இருக்கிறது: மொக்குள். 'படுமழை மொக்குளின் பல்காலும் தோன்றிக் கெடுமிதோர் யாக்கை' என்று நாலடியார் சொல்கிறதே, அந்த மொக்குள். மழைத்துளி விழுந்த இடத்தில் எழும் குமிழி. மொக்கு, மொட்டு என்பனவும் உள்ளே ஒன்றை வைத்து மூடித் திரண்டு நிற்பவைதாம். உடம்புக்குள் திரண்டு நிற்கும் இதற்கும் பொருந்தும். 'நீர்மொக்குள் நோய்' என்று வையுங்கள்.

புழுவுக்கும் பெயர் வேண்டுமே. எக்கினோகாக்கஸ்: எக்கினோஸ் என்றால் முள்ளெலி, காக்கஸ் என்றால் மணி. தலையைச் சுற்றிக் கொக்கிகள் வளையமாக நிற்பதால் வந்த பெயர். 'முண்மணிப் புழு' என்று அப்படியே தமிழாக்கலாம்.

கல்லூரி விரிவுரையாளர், கோவை

ஐயா, முண்மணி என்று எழுதினால் முள் எங்கே போயிற்று என்று மாணவர்கள் தேடுவார்கள். முள்மணி என்று பிரித்தே எழுதினால் என்ன?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருச்சி

ளகரம் மகரத்தின் முன் ணகரமாகத் திரிவது விதி. 'இளைதாக முண்மரங் கொல்க' என்ற குறளைப் பழைய பதிப்புகளில் பாருங்கள். முள் தெரியவில்லை என்று யாரும் அந்தக் குறளைக் கைவிடவில்லை. இளையதாக இருக்கும்போதே வெட்டு, முற்றினால் வெட்டுகிறவன் கையை அது பதம்பார்க்கும் என்கிறார் வள்ளுவர். ஆண்டுக்கணக்கில் ஓசையில்லாமல் வளரும் இந்த நோய்க்கும் அது பொருந்துகிறது.

கால்நடை மருத்துவர், சிவகங்கை

வணக்கம். சந்தியை அப்புறம் பார்க்கலாம், நான் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். கறிக்கடையில் இதை "ஈரல்ல தண்ணி கோத்திருக்கு" என்பார்கள். அந்தத் துண்டை மட்டும் அறுத்து வாசலில் காத்திருக்கும் நாய்க்கு வீசுவார்கள். துண்டறிக்கை நிறுத்த வேண்டியது அந்த ஒரு வீச்சைத்தான்.

பையை அறுத்துப் பார்த்தால் இளநுங்கு மாதிரி இருக்கும். வெள்ளையாக வழுக்கும் தோல், உள்ளே தெளிந்த நீர். பெரிய பைக்குள் குட்டிப் பைகளும் கிடக்கும். அடியில் மணல்போல ஒன்று படிந்திருக்கும். அதில் ஒவ்வொரு மணலும் ஒரு புழுத்தலை. நாயின் குடலுக்குப் போனால் ஒவ்வொன்றும் ஒரு புழுவாகும். அதனால் எனக்கு 'நுங்குப்பை' என்று தோன்றுகிறது. ஆடு வளர்க்கிறவர் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

தண்ணீர் கோத்தல் என்பதிலிருந்து 'நீர்க்கோவை' என்று எடுக்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் தலைப்பாரத்துக்குச் சித்த மருத்துவத்தில் நீர்க்கோவை மாத்திரை இருக்கிறது, அதனால் விட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: பெயரில் ஆட்டையோ ஈரலையோ சேர்க்காதீர்கள். ஆட்டுக்கறி தின்று மனிதனுக்கு இது வருவதில்லை. பெயரைக் கேட்டு நாலு பேர் ஈரல் வாங்குவதை நிறுத்தினால் பாவம், கிடைக்காரர்கள்.

மருந்தாளுநர், சென்னை

நுங்கு வேண்டாம். சித்திரையில் பிள்ளைகள் நுங்கு தின்னும்போது இதுவா நினைவுக்கு வர வேண்டும்? ஹைடாடிட் என்றே விடுங்கள். ஸ்கேன் அறிக்கையில் அந்தச் சொல்தான் இருக்கும். நோயாளி கையில் இருக்கும் தாளும் நம் துண்டறிக்கையும் வேறு வேறு பெயர் சொன்னால் குழப்பம் யாருக்கு?

கல்லூரி விரிவுரையாளர், கோவை

அப்படி விடுவதென்றாலும் தொல்காப்பியர் வழி காட்டியிருக்கிறார். 'வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே.' வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் எழுதுக என்பது பொருள். வடசொல்லுக்குச் சொன்னது கிரேக்கச் சொல்லுக்கும் ஆகும். ஹகரத்தை நீக்கி 'ஐடாட்டிட்டு' என்று எழுதலாம்.

மருந்தாளுநர், சென்னை

ஐடாட்டிட்டு என்று சொன்னால் மருத்துவருக்கும் புரியாது, ஆடு மேய்க்கும் கீதாரிக்கும் புரியாது.

கணினிப் பொறியாளர், சிங்கப்பூர்

இந்த நோயை முதலில் ஒழித்துக் காட்டிய நாடு ஐஸ்லாந்து. அங்கே இது வீட்டுக்கு வீடு இருந்தது. 1863இல் ஹரால்டு கிராபே என்ற டென்மார்க்குக்காரர் போய் நாய்களையும் ஆடுகளையும் ஆராய்ந்தார். அடுத்த ஆண்டு ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு வீடு வீடாக இலவசமாகக் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த மக்கள், அவர்கள் மொழியிலேயே அச்சான புத்தகம், தலைப்பிலேயே அவர்கள் ஊர்ச்சொல்: சுல்லவேய்கி. சுல்லுர் என்றால் நீர்ப்பை, வேய்கி என்றால் நோய். கிரேக்கம் எதுவும் இல்லை. கணினிக்கே எண், குறிசொல்லி என்னும் தங்கள் பழஞ்சொற்கள் இரண்டைச் சேர்த்து 'தோல்வா' என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள். நியூசிலாந்து பல பத்தாண்டுகள் நாய்களுக்குக் குடற்புழு மருந்து கொடுத்து 2002இல்தான் இந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவித்துக்கொண்டது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்பே வேலையைத் தொடங்கியவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள். கையில் இருந்தது ஒரு துண்டுப் புத்தகமும் புரிகிற ஒரு சொல்லும். எனக்கு 'நீர்ப்பை நோய்' போதும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணம்

தம்பி ஐஸ்லாந்து மட்டும் போனீர்கள், மானிப்பாய்க்கும் ஒருக்கால் வாருங்கோ. 1847இல் இங்கே வந்த சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர். மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினபோது சொல்லில்லை என்று அவர் நிறுத்தி வைக்கவில்லை. வடமொழி கலந்ததோ கொச்சையோ, அன்றைக்கு விளங்கினதை வைத்து எழுதினார். நீர்ப்பை எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனால் இங்கே அதைக் கேட்டால் சலப்பை, அதாவது சிறுநீர்ப்பை என்றுதான் நினைப்பினம்.

செவிலியர், வேலூர்

சொல்வது ஒரு நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் கேளுங்கள். எந்தப் பெயர் வைத்தாலும் 'கட்டி' மட்டும் வேண்டாம். நம் ஊரில் கட்டி என்றால் பற்றுப் போட்டுப் பழுக்க வைப்பார்கள், பழுத்ததும் கீறிவிடுவார்கள். மனிதருக்கு இந்தப் பை பத்தில் ஏழு பங்கு ஈரலில்தான் வருகிறது. பெரிதானால் வயிற்றின் வலப்பக்கம் கைக்குத் தட்டுப்படும். அதைக் கட்டி என்று எண்ணி அழுத்தியோ குத்தியோ உடைத்தால் உள்ளே இருக்கும் நீர் கசிந்து உடம்பே ஒவ்வாமையில் அதிர்ந்துவிடும். அந்த இடத்திலேயே உயிர் போகலாம். தப்பித்தாலும் சிந்திய புழுத்தலை ஒவ்வொன்றும் வயிற்றுக்குள் புதுப் பையாகும். அறுவைக்கூடத்தில்கூட உப்புக்கரைசலில் நனைத்த துணியைச் சுற்றிலும் விரித்துவிட்டுத்தான் அதில் கை வைப்பார்கள். பை என்றால் யாரும் கீறப் போகமாட்டார்கள். பத்திரமாகத்தான் தொடுவார்கள்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை

அக்கா, உங்கள் மடலைப் படித்த பிறகு கட்டியை எல்லாப் பக்கத்திலும் அடித்துவிட்டேன். சலப்பைக் குழப்பம் தீர, முன்னால் புழுவைச் சேர்க்கிறேன். வெறும் 'புழுப்பை' என்றால் பன்றி நாடாப்புழுவால் மூளையில் வருவதும் அதற்குள் வந்துவிடும். ஆகவே 'நாய்ப்புழு நீர்ப்பை'. கிடைக்காரர் யாரிடம் சொன்னாலும் எங்கிருந்து வருகிறது, என்னவாக இருக்கிறது என்ற இரண்டும் தெரிந்துவிடும். முதல் பக்கத்தில் ஒரே ஒரு முறை ஹைடாடிட் என்றும் சேர்த்துப் போடுகிறேன், ஸ்கேன் தாளோடு பொருத்திப் பார்க்க. நாளை மாலைக்குள் மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மருந்தாளுநர், சென்னை

சரி.

கல்லூரி விரிவுரையாளர், கோவை

நீளம்தான். ஆனாலும் சரி.

கால்நடை மருத்துவர், சிவகங்கை

எனக்கு மறுப்பு உண்டு, அச்சை நிறுத்தச் சொல்லவில்லை. இந்தப் புழுவால் நாய்க்கு ஒரு தொந்தரவும் தெரியாது. அது பாட்டுக்குக் கிடையைக் காத்துக்கொண்டு கிடக்கும். தலைப்பில் நாயைப் போட்டால், கிராமத்தில் முதலில் தடியை எடுப்பார்கள். ஈரலை வீசிய கையை யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் பெயருக்கு அடியிலேயே பெரிய எழுத்தில், நாயை அடிக்க வேண்டாம், பிராசிகுவான்டல் என்ற குடற்புழு மாத்திரை கொடுத்தால் போதும், நீர் கோத்த ஈரலைக் கொதிக்க வையுங்கள், இல்லையென்றால் ஆழமாகப் புதையுங்கள் என்று போட முடியுமா? போட்டால் நானும் சரி என்கிறேன். மனசுக்குள் இன்னும் நுங்குப்பைதான்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை

போட்டுவிட்டேன் ஐயா. நாயின் படத்தையும் எடுத்துவிட்டு, குழி தோண்டி ஈரலைப் புதைக்கும் படத்தை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருச்சி

அச்சுக்குப் போனது போகட்டும். கலைச்சொல் பட்டியலில் நீர்மொக்குள் என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஆட்டு மூளையில் வளரும் இன்னொரு நாடாப்புழுவின் நீர்ப்பைக்கும் நாளை பெயர் கேட்டு வருவீர்கள். அதுவும் நாயிடமிருந்து வருவதுதான். அப்போது நாய்ப்புழு நீர்ப்பை என்றால் எதைக் குறிக்கும்?