கட்டடத்துக்கு எந்த ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வு வேண்டும்? வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். 1970களில் கட்டிய இரண்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. மேல் மாடியில் தடுப்புச் சுவர்களை இடித்து அறைகளைப் பெரிதாக்கப் போகிறோம்.

சென்ற வாரம் கூரைத் தட்டி ஒன்றை எலக்ட்ரீஷியன் நகர்த்தினார். உள்ளே வெந்நீர்க் குழாயைச் சுற்றிச் சாம்பல் நிறப் பூச்சு; அதன் மேல் சுற்றிய துணி ஓரிடத்தில் கிழிந்து, நார் நாராகத் தொங்குகிறது. உடனே வேலையை நிறுத்தி அறையைப் பூட்டிவிட்டேன். கண்ணால் பார்த்து ஆஸ்பெஸ்டாஸ் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது, மாதிரி எடுத்து ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது தெரியும்.

எங்களிடம் ஆஸ்பெஸ்டாஸ் பற்றிய பழைய பராமரிப்பு ஆய்வறிக்கை இருக்கிறது. அதுவே போதும் என்கிறார் ஒப்பந்ததாரர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அது அன்றாடப் பயன்பாட்டுக்கானது. சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் என்ன இருக்கிறது என்று உடைத்துப் பார்த்து எழுதியதல்ல. இடிப்பதற்கு முன், அப்படி உடைத்துப் பார்க்கும் புதுப்பிப்பு ஆய்வுதானே செய்ய வேண்டும்? அதை மேல் மாடிக்கு மட்டும் செய்தால் போதுமா, குழாய்கள் இறங்கி வரும் கீழ்த்தளத்தையும் சேர்க்க வேண்டுமா? ஆய்வு நடக்கும்போது கீழே உள்ளவர்கள் வேலை செய்யலாமா?

ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலுக்குள் போனால் நோய் தெரியவே பல பத்தாண்டுகள் ஆகும். சுத்தியல் எடுக்கப்போகிறவர்கள் இருபது வயதுப் பிள்ளைகள். அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.