எரிமலைக் கல்லுல சத்தே இல்ல, அப்புறம் எரிமலைத் தீவுல காடு எப்படி?

யீஷூன்_தோட்டக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். காரிடோர்ல அடீனியம் வளக்குறேன், தொட்டிக்கு பியூமிஸ் கல் கலக்கச் சொன்னாங்க நர்சரில, அது எரிமலைக் கல்லு, தண்ணி நிக்காது, ஆனா உரம் தனியா போடணும்னு சொல்லித்தான் குடுத்தாங்க. அதுலேர்ந்து மண்டைக்குள்ள ஒரே குடைச்சல். இந்தோனேசியா, ஹவாயி பக்கமெல்லாம் தீவே அந்தக் கல்லுதானே, அப்பப்ப வெடிக்கவும் செய்யுது, அங்க செடி எப்படிப் பொழைக்குது? சூட்டைத் தாங்குமா இல்ல செத்து செத்து முளைக்குதா? தேடிப் பாத்தா எல்லாரும் "அடாப்ட் ஆயிடுச்சு"ன்னு ஒரே வரில முடிச்சுடறாங்க.

உபின்_நடையன்:
சிஸ், நம்ம சிங்கப்பூருக்குப் பக்கத்துலயே இருக்கே கிராக்கட்டோவா எரிமலைத் தீவு, ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவுல சுந்தா நீரிணைல. 1883 ஆகஸ்ட்ல வெடிச்சு தீவுல மூணுல ரெண்டு பங்கு கடலுக்குள்ள போயிடுச்சு, மிச்சத்து மேல மீட்டர் கணக்குல சாம்பல். அடுத்த வருஷம் மே மாசம் போய்ப் பாத்த பிரெஞ்சுக்காரங்களுக்குக் கெடச்ச ஒரே உயிர் ஒரு குட்டி சிலந்தியாம். 1886ல போகோர் தாவரவியல் தோட்ட டைரக்டர் ட்ரொய்ப் போறப்ப சாம்பல் மேல நீலப்பச்சைப் பாசி மெல்லிசா படிஞ்சிருக்கு, உள்பக்கம் பூரா பெரணி. பெரணிக்கு விதை கெடையாதுல்ல, தூசி மாதிரி ஸ்போர், காத்துலயே கடல் தாண்டிடும். கரையோரத்துக்கு அடம்பு, கெத்தாப்பாங் (நாட்டு வாதாம்) மாதிரி மிதக்குற விதைங்க. அத்தி மரமெல்லாம் பறவையும் வௌவாலும் கொண்டாந்தது, அதுக்குப் பின்னாடிதான் காடு.

சத்து விஷயத்துக்கு சவுக்கைப் பாருங்க. ஈஸ்ட் கோஸ்ட் பீச்சுல சவுக்கு மரத்துக்குக் கீழ கெடக்குற காஞ்ச காயை உள்ளங்கைல தட்டுனா ஒத்தை ரெக்கை வச்ச பொடி விதை உதிரும், அது காத்துல போகும். வேர்ல முண்டு முண்டா இருக்கும், உள்ள ஃபிராங்கியான்னு ஒரு பாக்டீரியா, காத்துலேர்ந்து நைட்ரஜன் புடிச்சுக் குடுக்கும். எரிமலைக் கல்லுல முக்கியமா இல்லாதது அந்த நைட்ரஜன்தான், மத்த தாதுவெல்லாம் கொஞ்ச கொஞ்சமா கரைஞ்சு வரும். பழைய தீவு மூழ்குன எடத்துல பின்னாடி முளைச்ச குட்டி எரிமலைத் தீவு அனாக் கிராக்கட்டோவா, அதோட கரைல சவுக்குதான் ராஜா, 1952-53ல ஒரு தடவை எல்லாம் அழிஞ்சு திரும்ப வந்துச்சு, 2018 டிசம்பர்ல மலையே சரிஞ்சு மறுபடியும் மொதல்லேர்ந்து.

தெம்பனீஸ்_மாமா:
நீங்க சொன்னது குடியேறுறது தம்பி, அந்தம்மா கேட்டது தாங்குறது. அதுக்கு ஹவாயி போகணும். ஓஹியா லெஹுவான்னு ஒரு மரம், செவப்பா பஞ்சு மாதிரி பூக்கும். எரிமலைப் புகைல கந்தக டை ஆக்சைடு ஏறுச்சுன்னா எலைல இருக்குற மூச்சுத் துளையை மூடிக்கும், புகை போனதும் தொறந்துக்கும். 1959ல கிலாவேயா இக்கி வெடிச்சு சுத்தி இருந்த மரங்களை எரிமலைக் கல் துகள் மூடிடுச்சு, கிளை எல்லாம் மொட்டை. அதுல கொஞ்சம் ஓஹியா தண்டுலேர்ந்தே புது வேர் விட்டு மறுபடி தழைச்சுச்சு. லாவா ஆத்துக்கு நடுவுல தீவு மாதிரி தப்பிச்ச காட்டுத் துண்டும் உண்டு, கிபுகான்னு பேரு, புதுப் பாறைக்கு விதை அங்கேர்ந்துதான் வரும். லாவாவே மேல ஓடிட்டா ஒண்ணும் பண்ண முடியாது லா, எந்த மரமும் அதைத் தாங்காது.

பாத்தோக்_மணி:
லா பால்மாவை விட்டுட்டீங்களே. அட்லாண்டிக் கடல்ல ஸ்பெயினோட கேனரி தீவுகள்ல ஒண்ணு. 2021 செப்டம்பர் 19லேர்ந்து டிசம்பர் 13 வரைக்கும் வெடிச்சுது, சுத்தி இருந்த கேனரி பைன் எல்லாம் புகைல காஞ்சு ஊசி எலை பழுப்பாயிடுச்சு, செத்துப்போச்சுன்னு நெனைச்சா சில மாசத்துல தண்டுலேர்ந்தே பச்சை மயிர் மாதிரி துளிர் விட ஆரம்பிச்சுது. பட்டை அவ்ளோ தடிமன், உள்ள மொட்டு தூங்கிட்டு இருக்கும். ஆனா ஒண்ணு, அது எரிமலைக்குன்னே வந்த குணம்னு நான் நம்ப மாட்டேன். காட்டுத்தீக்கும் அதே மாதிரிதான் துளிர்க்குது. அடிக்கடி வர்றது தீ, அதுக்குத் தயாரா இருந்த மரம் எரிமலைக்கும் தப்பிச்சுக்குது, அவ்ளோதான்.

யீஷூன்_தோட்டக்காரி:
ஆஹா, ரொம்ப நன்றி எல்லாருக்கும். அப்போ கிராக்கட்டோவால நிஜமாவே ஒண்ணுகூட மிஞ்சலையா? ஒரு வேர்கூடவா?

உபின்_நடையன்:
அதுக்குத்தான் பெரிய சண்டையே நடந்துச்சு சிஸ். பாக்கர்னு ஒரு டச்சு தாவரவியலாளர் 1929ல தனிப் புத்தகமே போட்டு, எல்லாம் செத்துச்சுன்னு எவனும் ஒழுங்கா தேடிப் பாக்கவே இல்லையேன்னு கேட்டாரு. வெடிச்சப்புறம் மொதல் மூணு வருஷம் தாவரம் தெரிஞ்ச ஆள் யாரும் அங்க போய் அலசல, மழை அறுத்த ஓடைக்குள்ள பழைய வேரோ விதையோ இருந்திருந்தா எவனுக்குத் தெரியும்? பெரும்பாலானவங்க வெளிலேர்ந்து வந்ததுதான்னு சொல்றாங்க, நானும் அந்தக் கட்சி, ஆனா பாக்கர் கேள்விக்கு இன்னிக்கு வரைக்கும் நேரடி பதில் யார்கிட்டயும் கெடையாது.