கல்யாண வீடியோ எடிட் பண்ற டெஸ்க்டாப்புக்கு எந்த எஸ்எஸ்டி?

நெல்லை_ஸ்டூடியோ:
பாளையங்கோட்டையில சின்ன ஸ்டூடியோ வச்சிருக்கேன். ரைசன் 5 3600, பி450 போர்டு, 32 ஜிபி ரேம். விண்டோஸ் ஒரு 250 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியில இருக்கு, புட்டேஜ் எல்லாம் 4 டிபி ஹார்ட் டிஸ்க்ல. ஒரு கல்யாணம்னா ரெண்டு கேமராவும் சேர்ந்து 250 ஜிபி வரும். முகூர்த்த மாசத்துல ஒண்ணை முடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்கும். மல்டிகேம்ல (ரெண்டு கேமராவையும் சேர்த்து ஓட்டறது) முன்ன பின்ன ஸ்க்ரப் பண்ணா திக்கித் திக்கி வருது. கையில இருக்கற வேலையை மட்டும் வைக்க ஒரு எஸ்எஸ்டி வாங்கணும். கடையில 7000 எம்பி ஸ்பீடுன்னு 1 டிபி ஒண்ணைக் காட்டறாங்க. கிட்டத்தட்ட அதே காசுக்கு 2 டிபி க்யூஎல்சியும் (ஒரு மெமரி செல்லுல 4 பிட் வைக்கற வகை) இருக்குன்றாங்க. வேகம் வேணும், சீசன் நடுவுல படுத்துடவும் கூடாது. எதை எடுக்கறது?

செந்தில்_கோவை:
2 டிபி க்யூஎல்சியை எடுங்க. அந்த 7000 உங்க போர்டுல வரவே வராது. டிரைவும் போர்டும் பேசற பாதை பி450ல பிசிஐஇ 3.0 தான், 3500 சுத்தி நின்னுடும். அதுவும் உங்களுக்குத் தேவையில்ல. 4கே புட்டேஜ் 100 மெகாபிட்னா நொடிக்கு 12.5 எம்பி. ரெண்டு கேமரா, 25 எம்பி. இந்த அளவுக்கு சாட்டா எஸ்எஸ்டியே தாராளம். ஹார்ட் டிஸ்க் திணறுறது வேகம் பத்தாம இல்ல, ரெண்டு ஃபைலுக்கும் நடுவுல ஹெட் அங்கயும் இங்கயும் ஓட வேண்டியிருக்கறதால. எந்த எஸ்எஸ்டி போட்டாலும் அது தீர்ந்துடும். அப்புறம் எதுக்குப் பாதி இடத்துக்கு முழு காசு?

ப்ரியா_எடிட்ஸ்:
அண்ணா, வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. திக்கும்போது டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100% காட்டுதா, இல்ல பிராசசர் 100% காட்டுதா? கேமராவுல 10 பிட் 4:2:2 வச்சு ஷூட் பண்ணிருந்தா நிறைய கிராஃபிக்ஸ் கார்டு அதை டீகோட் பண்ணாது, பாரம் பூரா பிராசசர் தலையில விழும். அப்ப எவ்வளவு நல்ல எஸ்எஸ்டி போட்டாலும் திக்கத்தான் செய்யும், பிராக்ஸி (எடிட் பண்ண மட்டும் போடற லேசான நகல்) தான் வழி.

நெல்லை_ஸ்டூடியோ:
பார்த்தேன்மா. ரெண்டு கேமராவும் 8 பிட் தான். மல்டிகேம் ஓடும்போது டிஸ்க் 100%ல போய் ஒட்டிக்குது, பிராசசர் பாதிகூட தொடல. டிஸ்க் தான் பிரச்சினை.

முகில்:
அப்படியென்றால் எஸ்எஸ்டி வாங்குவது சரியான முடிவு. ஆனால் செந்தில் படிக்கும் வேகத்தை மட்டும் கணக்குப் போடுகிறார், எழுதும் பக்கத்தை விட்டுவிட்டார். க்யூஎல்சியில் ஒரு செல்லில் 4 பிட் எழுத வேண்டும், அது மெதுவான வேலை. அதை மறைக்க, காலியாக இருக்கும் செல்களில் முதலில் 1 பிட் மட்டும் வேகமாக எழுதிவிட்டு, பிறகு ஓய்வு நேரத்தில் 4 பிட்டாக மடித்து அடுக்குவார்கள். இதுதான் எஸ்எல்சி கேஷ். 2 டிபி முழுக்கக் காலியாக இருந்தால் இப்படி அதிகபட்சம் 500 ஜிபி எழுதலாம். 1.6 டிபி நிரம்பி 400 ஜிபி மீதி இருந்தால்? 100 ஜிபி தான். அதற்கும் குறைவாகக் கேஷ் வைக்கும் டிரைவ்களும் உண்டு. 250 ஜிபி கல்யாணத்தில் பாதி இறங்குவதற்குள் கேஷ் தீர்ந்து, வேகம் நொடிக்கு 100 எம்பி சுற்றுவட்டாரத்துக்கு விழுந்துவிடும். உங்கள் ஹார்ட் டிஸ்க்கே அதைவிட வேகமாக எழுதும். அந்த நேரத்தில் டைம்லைனைத் திறந்தால், படிக்கும் வேலையும் எழுதும் வேலைக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

டிஎல்சி நாண்ட் (ஒரு செல்லில் 3 பிட் எழுதும் மெமரி சிப்), எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்ற அட்ரஸ் டேபிளை வைக்கத் தனி டிராம், இரண்டும் உள்ளதாகப் பாருங்கள். டபிள்யூடி எஸ்என்850எக்ஸ், சாம்சங் 990 புரோ. இரண்டுமே 2 டிபிக்கு 1200 டிபிடபிள்யூ (வாரண்டிக்குள் எழுதக்கூடிய மொத்த டிபி), 5 வருட வாரண்டி.

செந்தில்_கோவை:
முகில், புட்டேஜ் எதுல இருந்து வருது? எஸ்டி கார்டுல இருந்து. யுஎச்எஸ்-1 கார்டோட உச்சவரம்பே நொடிக்கு 104 எம்பி. நடைமுறையில 90 வந்தா பெரிசு. 250 ஜிபி இறக்க முக்கால் மணி நேரம் ஆகும், அதை 14,000 எம்பி டிரைவ்ல இறக்கினாலும் அதே முக்கால் மணி நேரம் தான். கார்டே 90ல குடுக்கறப்ப டிரைவ் 100க்கு விழுந்தா என்ன நஷ்டம்?

ஆயுள் கணக்கும் சொல்றேன். குருஷியல் பி3 2 டிபிக்கு 440 டிபிடபிள்யூ போட்டிருக்கான். மாசம் 8 கல்யாணம், 2 டிபி. எக்ஸ்போர்ட், கேஷ் ஃபைல் எல்லாம் சேர்த்து ரெட்டிப்பு வச்சாலும் வருஷத்துக்கு 48 டிபி. 9 வருஷம் ஓடும். அதுக்குள்ள போர்டே மாறிடும்.

முகில்:
ஒரே கார்டு, வேறெதுவும் ஓடாத நேரம் என்றால் உங்கள் கணக்கு சரி. அவரிடம் இரண்டு கேமரா. இரண்டு ரீடரிலும் கார்டைச் சொருகி ஒரே நேரத்தில் இறக்கினால் 180. யுஎச்எஸ்-2 கார்டுக்கு மாறினால் வரம்பு 312. பழைய புராஜெக்டை ஹார்ட் டிஸ்கிலிருந்து திரும்பக் கொண்டுவரும்போதும் 150க்கு மேல் வரும். முகூர்த்த மாதத்தில் இறக்கி முடிக்கும்வரை யாரும் கைகட்டி உட்கார்ந்திருக்க முடியாது, பக்கத்திலேயே அடுத்த எடிட் ஓடும். பணம் கட்டிய வாடிக்கையாளர் காத்திருக்கும் வேலைக்கு, சாதாரண நாளை வைத்து டிரைவ் தேர்ந்தெடுக்கக் கூடாது. நெருக்கடி நாளை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேலன்_சர்வீஸ்:
ரெண்டு பேரும் வேகத்தையே பேசறீங்க. அவர் படுத்துடக் கூடாதுன்னும் கேட்டிருக்காரு.

நான் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். டிபிடபிள்யூ தீர்ந்து செத்த எஸ்எஸ்டி என் மேசைக்கு வந்ததே இல்ல. வர்றதெல்லாம் நேத்து வரைக்கும் நல்லா ஓடிட்டு இன்னிக்குக் காலையில பயோஸ்ல பேரே காட்டாத டிரைவ் தான். கண்ட்ரோலர் போயிருக்கும், இல்ல ஃபர்ம்வேர் குழம்பியிருக்கும். ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் கடகடன்னு சத்தம் போட்டு, பேட் செக்டார் காட்டி ஒரு தாக்கல் சொல்லும். இது பல நேரம் அதுகூடச் சொல்லாது.

காசு அதிகம் குடுத்தா தப்பிச்சுக்கலாம்னும் நினைக்காதீங்க. சாம்சங் 980 புரோ 2 டிபி, 3பி2க்யூஜிஎக்ஸ்ஏ7ன்ற ஃபர்ம்வேர் இருந்ததுல பலது ரீட் ஒன்லிக்கு, அதாவது படிக்க மட்டும் முடியற நிலைக்குப் போய் மாட்டிக்கிச்சு. டாப் மாடல் அது. அப்டேட் வந்துச்சு, ஆனா போனது போனதுதான்.

அதனால டிராமுக்கு அழற காசை பேக்கப்புக்குக் குடுங்க. எஸ்என்770 மாதிரி டிராம் இல்லாத டிஎல்சி போதும். என்விஎம்இ டிரைவ் (சாட்டா இல்லாம பிசிஐஇ வழியாப் பேசறது) கம்ப்யூட்டரோட ரேம்லயே கொஞ்சம் கடன் வாங்கி அட்ரஸ் டேபிளை வச்சுக்கும். டிராம் இல்லேன்னா குப்பைன்றது சாட்டா காலத்துப் பேச்சு, சாட்டாவுல அந்த வசதி கிடையாது.

முகில்:
வேலன் அண்ணே, கடன் வாங்குவது பெரும்பாலும் 64 எம்பி அளவுதான். 1 டிபிக்கு முழு டேபிள் வைக்க 1 ஜிபி வேண்டும். தேடுவது அந்த எல்லைக்கு வெளியே போகும்போதெல்லாம் நாண்டிலிருந்தே டேபிளைப் படிக்க வேண்டியிருக்கும்.

வேலன்_சர்வீஸ்:
டேட்டாபேஸ் சர்வருக்குச் சொல்லுங்க, ஒத்துக்கறேன். வீடியோ ஃபைல் ஒவ்வொண்ணும் சில ஜிபி, வரிசையாப் படிக்கறது. அதுல டேபிளைத் தேடி அலையற வேலையே கம்மி. இதுல நான் மாறறதா இல்ல.

நாண்ட் விஷயத்துல நீங்க சொல்றதுதான் சரி, டிஎல்சி தான் வாங்கணும். அதுலயும் ஒரு எச்சரிக்கை. குருஷியல் பி2வை 2020ல டிஎல்சியில விக்க ஆரம்பிச்சு, 2021ல அதே பேர்லயே க்யூஎல்சிக்கு மாத்தினாங்க. டபிள்யூடி எஸ்என்550யிலயும் அதே வருஷம் நாண்ட் மாறி, கேஷ் தாண்டின வேகம் இறங்கிடுச்சு. கிங்ஸ்டன் என்வி2வுல உள்ள என்ன இருக்கும்னு பெட்டியில எழுதவே மாட்டாங்க. பழைய ரிவ்யூ பார்த்து வாங்கறவங்க இதுல தான் ஏமாறாங்க.

நெல்லை_ஸ்டூடியோ:
அப்ப 2 டிபி டிஎல்சி, டிராம் இல்லாதது. மிச்ச காசுல இன்னொரு 4 டிபி ஹார்ட் டிஸ்க் பேக்கப்புக்கு. போர்டுல எம்.2 ஸ்லாட் ரெண்டு இருக்கு, எதுல போடறது?

வேலன்_சர்வீஸ்:
பிராசசருக்குப் பக்கத்துல இருக்கறது. அது தான் பிராசசரோட நேரடியா 3.0 x4ல பேசும். கீழ் ஸ்லாட் சிப்செட் வழியா வரும், பி450ல அது 2.0 தான். சில போர்டுல கீழ் ஸ்லாட்டுல டிரைவ் போட்டா சாட்டா போர்ட் ரெண்டு செத்துடும், பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காணோம்னு தேடிட்டிருப்பீங்க. மேனுவல்ல ஒரு வரி இருக்கும், பாருங்க. அப்புறம் யுபிஎஸ் பேட்டரி எந்த நிலைமையில இருக்கு? நம்ம வாங்கற டிரைவ்ல கரண்ட் போனா தாங்கற கெபாசிட்டர் கிடையாது, அது பெரும்பாலும் சர்வர் டிரைவ்ல தான்.

ப்ரியா_எடிட்ஸ்:
மாட்டின உடனே கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவுல ஓடின மணி நேரமும் எழுதின ஜிபியும் பாருங்கண்ணா. புதுசுன்னு குடுத்ததுல நூத்துக்கணக்குல மணி நேரம் காட்டினா அன்னிக்கே கடைக்குத் திருப்பிக் குடுத்துடுங்க. போலியும் நிறைய சுத்துது, எச்2டெஸ்ட்டபிள்யூன்ற சாஃப்ட்வேர் போட்டு ஒரு தடவை முழுசா நிரப்பிப் பார்த்துட்டு வேலைக்கு எடுங்க.

செந்தில்_கோவை:
பேக்கப் டிஸ்க்குக்கு என் ஓட்டும் உண்டு. ஆனா க்யூஎல்சியை எடுத்திருந்தா இன்னும் பெரிய பேக்கப் டிஸ்க்கே வந்திருக்கும்ன்றதுல நான் பின்வாங்கல. எதை வாங்கினாலும் 300 ஜிபி எப்பவும் காலியா விடுங்க, முகில் சொன்ன அந்தக் கேஷ் சுருங்கற சிக்கல் டிஎல்சிக்கும் உண்டு.

நெல்லை_ஸ்டூடியோ:
யுபிஎஸ் 10 நிமிஷம்கூடத் தாங்கறதில்ல. டிரைவோட சேர்த்து பேட்டரியும் மாத்திடறேன். இறக்கினது ரெண்டு டிஸ்க்லயும் இருக்கறதைப் பார்க்கற வரைக்கும் கார்டை ஃபார்மட் பண்ணக் கூடாதுன்னு பசங்ககிட்டயும் சொல்லிட்டேன்.