பினியம் கிர்மாயின் தொடக்க ஆண்டுகளை எப்படி மதிப்பிடுவது?

நெடுஞ்சாலை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எரித்ரியாவைச் சேர்ந்த சைக்கிள் பந்தய வீரர் பினியம் கிர்மாய் 2024 டூர் டி பிரான்ஸில் மூன்று கட்டங்களை (ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு கட்டம்) வென்று, அதிகப் புள்ளிகள் பெறுபவருக்கான பச்சை ஜெர்சியையும் கைப்பற்றிய பிறகுதான் அவரை நான் கவனிக்கத் தொடங்கினேன். அவருடைய பழைய முடிவுகளைத் தேடிப் படித்தபோது ஒரு குழப்பம் எழுந்தது. 2022 மார்ச்சில் பெல்ஜியத்தின் கென்ட்–வெவெல்கெம் ஒருநாள் பந்தயத்தையும், மே மாதத்தில் ஜிரோ டி இத்தாலியாவில் ஒரு கட்டத்தையும் வென்றவர், 2023இல் கலந்துகொண்ட முதல் டூரில் ஒரு கட்டத்தைக்கூட வெல்லவில்லை. அந்த ஆண்டின் சமதள முடிவுகளில் பெல்ஜிய வீரர் யாஸ்பர் பிலிப்சன்தான் கொடிகட்டிப் பறந்தார். கிர்மாயை ஸ்பிரிண்டர் (இறுதிக் கோட்டருகே அதிவேகமாகப் பாய்ந்து வெல்பவர்) என்று வகைப்படுத்துவது சரிதானா, அல்லது ஒருநாள் கிளாசிக் பந்தயங்களுக்கான வீரர் என்று கொள்ள வேண்டுமா? 2023ஐச் சறுக்கல் என்று சொல்லலாமா?

கெம்மல் ஏற்றம்:

அவர் ஸ்பிரிண்டர்தான். ஆனால் உச்ச வேகத்தை மட்டும் நம்பி வளர்ந்தவர் அல்லர். நாள் முழுவதும் ஏற்ற இறக்கங்களில் களைத்த பிறகும் கடைசி 300 மீட்டருக்குக் கால்களில் வலுவை மிச்சம் வைத்திருப்பதுதான் அவருடைய தனித்திறன். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அவருடைய தொடக்க ஆண்டுகளைப் படித்தால் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

2000ஆம் ஆண்டு அஸ்மாராவில் பிறந்த கிர்மாய், 2018இல் சுவிட்சர்லாந்தின் எகிள் நகரிலுள்ள உலக சைக்கிள் மையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அதே ஆண்டு பெல்ஜியத்தில் நடந்த இளையோர் பந்தயமொன்றின் ஒரு கட்டத்தில் பெல்ஜிய வீரர் ரெம்கோ எவெனபூலை முந்தினார். ஜூனியர் பிரிவில் அப்போது எவெனபூலை வெல்வது எவ்வளவு அரிது என்பதை அறிந்தவர்களுக்கு அந்த ஒரு முடிவே போதுமானது. 2020இல் பிரான்ஸின் டெல்கோ அணியில் தொழில்முறை வீரரானார். அந்த அணி பணநெருக்கடியில் சிக்கியதால் 2021இன் நடுவிலேயே பெல்ஜியத்தின் இன்டர்மார்ஷே அணிக்கு மாறினார். மாறிய சில வாரங்களிலேயே, லூவனில் நடந்த 23 வயதுக்குட்பட்டோர் உலகச் சாம்பியன்ஷிப்பில் பிலிப்போ பரோன்சீனிக்கு அடுத்தபடியாக வெள்ளி வென்றார்.

கென்ட்–வெவெல்கெம் வெற்றிதான் என் வாதத்துக்கு முதன்மைச் சான்று. அந்தப் பந்தயத்தில் ஓடும் திட்டமே முதலில் அவருக்கு இருக்கவில்லை. இரண்டு நாள் முன்பு ஈ3 என்ற மற்றொரு ஒருநாள் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்ததைப் பார்த்துத்தான் அணி அவரைச் சேர்த்தது. கெம்மல்பெர்க் ஏற்றத்தைக் கடந்த பின் லபோர்ட், ஸ்டுய்வன், வான் கெஸ்டல் ஆகியோருடன் பிரிந்து சென்ற கிர்மாய், இறுதி நேர்சாலையில் மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தயங்கிய கணத்தில் பின்னாலிருந்து பாய்ந்தார். லபோர்ட் அவரை எட்டிப் பிடிக்க முயன்றும் பலிக்கவில்லை. ஏறத்தாழ 250 கிலோமீட்டர் ஓடிய பிறகு கிடைத்த வெற்றி அது. முழுப் பெலோட்டானும் (வீரர்களின் பெருங்கூட்டம்) ஒன்றாக வந்து சேரும் சமதள முடிவு அல்ல என்பதைக் கவனியுங்கள். கற்பாதை கிளாசிக் ஒன்றை வென்ற முதல் ஆப்பிரிக்கர் என்ற பெருமையும் அன்று அவருக்குக் கிட்டியது.

அடுத்த ஞாயிறு நடக்கவிருந்த ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தை விட்டுவிட்டு, அவர் மனைவியையும் குழந்தையையும் காண அஸ்மாரா திரும்பினார். பலர் அதை வாய்ப்பைத் தவறவிட்டதாக எண்ணினர். வீட்டிலிருந்து மாதக்கணக்கில் பிரிந்து வாழும் 21 வயது இளைஞர் எடுத்த மிகச் சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

பின்சக்கரம்:

மேலே சொன்னதை ஏற்றுக்கொண்டு, 2023 பற்றிச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். 2022 ஜிரோவின் பத்தாவது கட்டத்தில், ஜேசி நகரில் மத்தியூ வான் டெர் பூலை வென்ற சற்று நேரத்திலேயே, பரிசு மேடையில் அவர் திறந்த புட்டியின் தக்கை இடது கண்ணில் பட்டு, ஜிரோவிலிருந்து விலக நேர்ந்தது. 2023 வசந்த காலத்தில் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தில் விழுந்து தலையில் அடிபட்டார். அதன் பின்னும் ஜூனில் டூர் டி சுவிஸின் ஒரு கட்டத்தை வென்றார். அடுத்து வந்த டூர் டி பிரான்ஸின் போர்தோ நகரக் கட்டத்தில் பிலிப்சனுக்கும் கேவன்டிஷுக்கும் அடுத்து மூன்றாவதாக வந்தார். அன்று முதலிடத்தைத் தீர்மானித்ததில் பிலிப்சனின் கால்களுக்கு மட்டுமன்றி, அவருக்கு முன்னால் ஓடி வழியமைத்துக் கொடுத்த சக அணி வீரர் வான் டெர் பூலுக்கும் பெரும் பங்கு உண்டு. அப்படியொருவரை முன்னால் வைத்துக்கொள்ளும் வசதி இன்டர்மார்ஷேவுக்கு இருக்கவில்லை. ஆகவே 2023ஐச் சறுக்கல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நெடுஞ்சாலை:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் 2024இல் மாறியது என்ன? அந்த மூன்று வெற்றிகளும் சமதளக் கட்டங்களில் கிடைத்தவைதானே?

கெம்மல் ஏற்றம்:

முழுவதும் அப்படியல்ல. முதல் வெற்றி கிடைத்த மூன்றாம் கட்டம் பியாசென்சாவிலிருந்து தூரின் வரை 230 கிலோமீட்டர் நீண்டது. இறுதியில் நேர்ந்த விபத்தால் பல அணிகளின் வரிசை சிதறியது. தனக்கென ஒரு ரயில் (முன்னால் ஓடி வழியமைக்கும் சக வீரர்களின் வரிசை) இல்லாமலே இடைவெளியைக் கண்டுபிடிக்கப் பழகியவருக்கு அந்தக் குழப்பம் கைகொடுத்தது. எட்டாவது கட்டம் முடிந்த கொலோம்பே-லே-டூஸ்-எக்லிஸில் சாலை மேல்நோக்கி எழும்பியது. அங்கே பிலிப்சனை நேருக்கு நேர் வென்றார். மூன்றாவது வெற்றி வில்நவ்-சூர்-லோத் நகரில் கிடைத்தது.

பச்சை ஜெர்சிக்கு வெற்றிகள் மட்டும் போதா என்பதையும் சொல்ல வேண்டும். சமதளக் கட்டத்தை வெல்பவருக்கு 50 புள்ளிகள். வழியில் வரும் இடைநிலை ஸ்பிரிண்டில் முதலிடம் பெற்றால் 20. மேடுகளைத் தாண்டிவரும் ஸ்பிரிண்டருக்கு இந்த இடைநிலைப் புள்ளிகள் மெல்ல மெல்லச் சேரும். நீம் நகர முடிவுக்குச் சற்று முன்னர் அவர் விழுந்ததும் அன்று பிலிப்சன் வென்றதும் முன்னிலையை வெகுவாகக் கரைத்தன. ஆனாலும் காயத்தோடு ஆல்ப்ஸ் மலைகளைக் கடந்து, நீஸ் நகரில் 387 புள்ளிகளுடன் முடித்தார், பிலிப்சனுக்கு 354.

நேரம் கிடைத்தால் ஜேசியின் கடைசி ஒரு கிலோமீட்டரை முதலில் பாருங்கள். 39 வயதான மலையேற்ற வீரர் பொட்ஸோவீவோ தம் இளைய தலைவருக்காக முன்னால் நின்று உழைப்பதையும், கிர்மாய் முந்திக்கொண்டு பாய்வதையும், இணையாக வந்துவிட்ட வான் டெர் பூல் கோட்டை நெருங்கும் முன்பே கைவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திப் பாராட்டுவதையும் அதில் காணலாம். பிறகு போர்தோ முடிவைப் போட்டுப் பார்த்தால், அவருக்கு எந்த நாள் பொருந்தும், எது பொருந்தாது என்பது தெளிவாகிவிடும்.