புதுப்பிப்பு: ஆனேக்கல் டிராக்டர் ஸ்டார்ட் ஆகிவிட்டது!

பெங்களூரு ஆனேக்கல் பக்கம், தோட்டத்துக் கொட்டகையில் வருஷக்கணக்காக நின்ற அப்பாவின் மூன்று சிலிண்டர் டீசல் டிராக்டர், செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்று எழுதியிருந்தேன். பலரும் பேட்டரியைச் சந்தேகப்பட்டீர்கள். பேட்டரி நன்றாகவே இருக்கிறது. செல்ஃப் சுற்றும்போதும் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை.

கோளாறு டீசல் வரும் வழியில்தான். டேங்க் அடியில் தண்ணீர், அதன்மேல் கொழகொழவென்று கறுப்புக் கசடு. தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்கள் செய்யும் வேலை அது. டேங்கைக் கழுவி, பெங்களூரு ஜே.சி. ரோட்டில் வாங்கிய புது ஃபில்டரைப் போட்டேன்.

பிறகு ஏர் எடுத்தோம், அதாவது டீசல் வரும் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றினோம். ஃபில்டர் தலைத் திருகைத் தளர்த்திக் கைபம்ப் அடித்தால் முதலில் நுரை, அப்புறம் குமிழியே இல்லாத டீசல். அடுத்து எஃப்.ஐ. பம்ப் (டீசலை அழுத்தத்தோடு அனுப்புவது), கடைசியில் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) நட்டுகள். தயவுசெய்து அங்கே விரலை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

வெள்ளைப் புகையோடு ஒரு சிலிண்டர் பிடித்தது, அப்புறம் மூன்றும். "ஆக்சிலேட்டரை ஏத்தாதடா, ஆயில் மேலே ஏறட்டும்" என்றார் அப்பா.

மூன்றாவது சிலிண்டரில் லேசான தட்டல் இருக்கிறது. அந்த நாசிலைக் கழற்றி ஓசூரில் பிரஷர் பார்க்கக் கொடுக்கப் போகிறேன்.